எட்டுக் குதிரைக்கு நான் எடை

கலியாணமாகி நாலாம் மாதம், என் கணவர் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுகிறார் என்று கண்டுபிடித்தேன். அப்படித்தான் அப்போது நினைத்தேன்.

கொழும்பு வெள்ளவத்தையில், கடல் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில், இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். தொலைபேசி கீழே வீட்டுக்காரரின் கூடத்தில் இருந்தது. ஒருநாள் பின்னேரம் என் கணவருக்கு ஒரு அழைப்பு வந்தது. நான் படியில் நின்று கேட்டேன். வேண்டுமென்று கேட்கவில்லை, அவர் எப்போதும் மெதுவாகப் பேசுகிறவர், அன்று சத்தமாகப் பேசினார்.

"எட்டுக் குதிரை கூடிப்போச்சு," என்றார். "இனி அந்த எட்டையும் வைச்சுக்கொண்டு என்ன செய்யிறது?"

காலி நகருக்குப் போகும் காலி வீதியில் ஒரு பந்தயக் கடை இருந்தது. அதன் வாசலில் எந்த நேரமும் நாலைந்து பேர் தாளைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்கு நடுவில் இவரை மனதுக்குள் நிறுத்திப் பார்த்தேன். மெலிந்த உடம்பு, தேய்த்த வெள்ளைச் சட்டை, பொக்கற்றில் இரண்டு பேனை. நன்றாகவே பொருந்தினார்.

அவர் மேலே வந்ததும் கேட்டேன்.

"இஞ்சருங்கோ, எத்தினை நாளா இந்தக் குதிரைப் பழக்கம்?"

"எந்தக் குதிரை?"

"கூடிப்போன எட்டும்."

"அது குதிரை இல்லை. குதிரை வலு."

நான் வீட்டில் உயர்தர வகுப்பு மாணவருக்குக் கணிதமும் பௌதிகமும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். "பரிவலுவோ?" என்று கேட்டேன்.

"ஓம். பரிவலு."

"ஆரின்ர பரிவலு?"

"என்ர காரின்ர."

கலியாணப் பேச்சுக்காலில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் கம்பனி வேலை, குடிவெறி, சிகரெட் இல்லை, கோபம் வராது என்றெல்லாம் சொல்லியிருந்தார்கள். கார் இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் என்னைக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் காரைக் காட்டியபோது, ஏன் சொல்லவில்லை என்பது விளங்கிவிட்டது.

அது ஒரு மொறிஸ் மைனர். ஒரு கதவு நீலம், மற்றது சாம்பல், எஞ்சின் மூடி இன்னும் நிறம் பூசாத மண்நிறம். கராஜின் மூலையில் ஒரு பழைய சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றது. கராஜ் சொந்தக்காரர் ஒரு முஸ்லிம். அந்த வீதியில் எல்லோரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் எனக்குக் கதிரை போட்டு, பால் விடாத பிளேன்டியும் இரண்டு உழுந்துவடையும் எடுப்பித்துத் தந்துவிட்டுக் காரின் மூடியைத் திறந்தார்.

"தங்கச்சி, பாருங்கோ. ஜப்பான் எஞ்சின். அங்க ஒரு வேன்ல ஈந்தது. சும்மா பூப்போல ஈக்கி." இருக்கு என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

இதுதான் விஷயம். மொறிஸின் சொந்த எஞ்சின் எப்போதோ செத்துவிட்டது. நானா அதைத் தூக்கி எறிந்துவிட்டு, துறைமுகத்தில் வந்திறங்கிய ஒரு பழைய ஜப்பான் எஞ்சினை அதற்குள் இறக்கியிருந்தார். வீதியில் ஓடுவதற்கு அதில் ஒரு பிழையும் இல்லை. கொழும்பில் பாதி மொறிஸ்கள் அப்படித்தான் ஓடின. ஆனால் என் கணவர் அந்தக் காரை வைத்து ரேஸ் ஓடுகிறவர். தெற்கே கடற்கரையோரம் கைவிடப்பட்ட ஒரு விமான ஓடுபாதையில், பொழுதுபோக்காகக் கார் ஓட்டும் ஒரு சிறிய கழகத்தார் வருடத்தில் சில தடவை கூடுவார்கள். நாட்டில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. சனங்கள் மாலை ஆறு மணிக்கு மேல் பிட்டு மா வாங்கப் போவதற்கே இரண்டு தடவை யோசித்த காலம். இவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கார்களை வட்டமாக ஓட்டினார்கள்.

கழகத்துக்கு விதிகள் இருந்தன. பழைய கார் வகுப்பில் ஒரு காபரேட்டர்தான் இருக்கலாம். வலுவைக் கூட்டுவதற்காக எஞ்சின் தலையைச் சீவக் கூடாது. கேம் தண்டை மாற்றக் கூடாது. வலுவுக்கு ஒரு எல்லை உண்டு; எஞ்சினை மாற்றினால், புது எஞ்சினின் வலு அந்த எல்லைக்கு மேல் எத்தனை குதிரையோ, அத்தனை குதிரைக்கும் குதிரைக்கு ஒன்பது கிலோ வீதம் காரில் எடை ஏற்ற வேண்டும். எங்களுக்கு எட்டுக் குதிரை கூட. நான் படிப்பிக்கிறவள், உடனே வாயில் வந்துவிட்டது.

"எழுபத்திரண்டு கிலோ."

கணவர் என்னைப் பார்த்தார். கலியாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னை மதிப்போடு பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"எட்டையும் சாகடிக்கிறதும் லேசு," என்றார் நானா. "தடிச்ச காஸ்கெட் ஒண்டப் போட்டு, காபரேட்டர் வாயில ஒரு தகடு வெச்சா முடிஞ்சி."

"நல்ல குதிரையளை ஏன் நானா சாகடிக்கோணும்?" என்றார் என் கணவர். கலியாண வீட்டில் மாப்பிள்ளையாக இருந்தபோதுகூட அந்தக் குரலில் அவ்வளவு இரக்கம் இருக்கவில்லை.

ஆகவே எடை ஏற்றுவதென்று தீர்மானமாயிற்று. முதலில் மண். நான்தான் பழைய படுக்கை விரிப்பை வெட்டி நாலு பை தைத்தேன். சிவப்பு ரோசாப்பூ போட்ட விரிப்பு. வெள்ளவத்தைக் கடற்கரையில் மண் அள்ளி நிரப்பி, ஒரு ஒத்திகை நாளன்று காரின் பின்பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் புறப்பட்டார். நானும் பார்ப்போமென்று கூடப் போனேன்.

தெஹிவளைப் பாலத்தடி இராணுவச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரர்கள் மறித்தார்கள். இரண்டு பேரின் அடையாள அட்டையையும் வாங்கிப் பார்த்தார்கள். பிறகு பின்பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.

"மே வெலி கொஹென்த?" இந்த மண் எங்கேயிருந்து என்று ஒருவர் கேட்டார்.

வெள்ளவத்தைக் கடற்கரை என்றார் என் கணவர். எங்கே கொண்டு போகிறாய் என்று கேட்டார்கள். தெற்கே, இன்னொரு கடற்கரைக்கு என்றார். அங்கே மண் இல்லையா என்று கேட்டார் ஆமிக்காரர். அது நியாயமான கேள்வி. என் கணவர் அவருடைய சிங்களத்தில், எட்டுக் குதிரை கூடியிருப்பதையும் அவற்றை அடக்குவதற்கு இந்த மண் தேவைப்படுவதையும் விளங்கப்படுத்தினார். ஆமிக்காரர் காருக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார். குதிரை ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு எங்களை ஓரமாக நிற்பாட்டி, பைகளைத் தடவி, குத்தி, ஒன்றைக் கொட்டியும் பார்த்தார்கள். வெயில் ஏறியது. ஒரு மேலதிகாரி வந்து மொறிஸைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதற்குள் எவராவது குண்டு வைப்பார்களா என்று கேட்கிற மாதிரித் தலையை ஆட்டினார். எங்களைப் போகச் சொன்னார். பைகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நெடுநாளாக அந்தப் பாலத்தடி அரணில், பச்சை மூட்டைகளுக்கு மேலே எங்கள் ரோசாப்பூ மூட்டைகளும் இருந்தன. பஸ்ஸில் போகும்போதெல்லாம் கணவர் என் கையைத் தட்டுவார்.

"எங்கட குதிரையள்," என்பார் மெல்ல.

மறுபடி கொட்டாஞ்சேனையில் கூடி யோசித்தோம். இரும்பு என்றேன் நான். "இரும்பக் கட்டிக்கொண்டு போனா அண்டைக்கே உள்ளுக்குப் போட்டுருவாங்க தங்கச்சி," என்றார் நானா. அரிசி மூட்டை என்றேன். "ஆருக்கு அரிசி கொண்டு போறாய் எண்டு கேப்பாங்கள்," என்றார் கணவர். தண்ணீர்க் கலன்கள் என்றேன். தண்ணீர்தான் என்று அவர்களை நம்பவைக்க ஒவ்வொரு கலனிலும் குடித்துக் காட்ட வேண்டி வரும், போய்ச் சேரும்போது எடை குறைந்துவிடும் என்றார்.

நான் இரண்டாவது வடையை எடுத்தேன்.

"ஆள் எண்டால் ஒண்டும் கேக்கமாட்டாங்கள்," என்றார் கணவர். "அடையாள அட்டை இருந்தால் விட்டிடுவாங்கள்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

என் உடம்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு முன்பே ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள், சட்டை தைக்கிறவர், முச்சக்கரவண்டிக்காரர் எல்லோரும் ஏதோவொரு விதத்தில் சொன்னார்கள். கோபம் வரவேண்டிய இடந்தான். ஆனால் நான் வடையை வைத்துவிட்டுக் கேட்டது இதுதான்: "எழுபத்திரண்டு வருமோ?"

கராஜுக்குப் பக்கத்தில் பழைய பேப்பர், போத்தல் வாங்கும் கடையொன்று இருந்தது. அங்கே மூட்டை நிறுக்கும் தராசில் என்னை ஏற்றினார்கள். கடைக்காரர் பழக்கத்தில் வீதிக்கே கேட்கிற மாதிரி எடையைக் கூவினார். எழுபத்தொன்று.

"ஒரு சோத்துப் பார்சல் மடியிலை வைச்சால் சரி," என்றார் கணவர்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் உடம்பு ஒரு சட்டத்துக்கு இவ்வளவு கிட்டப் பொருந்தியது அதுதான் முதல் தடவை. ஓட்டம் வரைக்கும் மிச்சமிருந்த நாட்களில் என் சாப்பாட்டை அவரே கவனித்தார். நான் கொஞ்சம் சோற்றை மிச்சம் வைத்தால், "கவனம், குதிரைக்குக் குறைஞ்சிடும்," என்பார். வேறு எந்தப் புருஷனும் பெண்சாதியிடம் அப்படிச் சொல்லியிருக்கமாட்டான்.

ஓட்ட நாள் காலையில் தெஹிவளைப் பாலத்தில் அதே ஆமிக்காரர் நின்றார். மொறிஸை அவருக்கு மறக்கவில்லை.

"அத வெலி நெத்த?" இன்றைக்கு மண் இல்லையா என்றார்.

"வெலி வெனுவட மெயா," என்று என் கணவர் என்னைக் காட்டினார். மண்ணுக்குப் பதிலாக இவ. எனக்கு அவ்வளவு சிங்களம் விளங்கும். ஆமிக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அடையாள அட்டையைக்கூடத் திறக்காமல் திருப்பித் தந்தார்.

ஓடுபாதையில் கார்களைப் பரிசோதிக்கிறவர் ஐரோப்பிய வழிவந்த ஒரு வயதான பறங்கியர். முழங்கால் வரைக்கும் வெள்ளைக் காலுறை, அரைக் காற்சட்டை, கழுத்தில் கண்ணாடி. ஆங்கிலத்தில்தான் கதைப்பார். எங்கள் காபரேட்டரின் வாயை ஒரு பித்தளைக் கோலால் அளந்தார். எஞ்சின் இலக்கத்தைப் பார்த்தார். கம்பியும் ஈயமும் வைத்து எஞ்சினுக்கு முத்திரை போட்டார். பிறகு நிமிர்ந்தார்.

"எடை எங்கே?"

கணவர் என்னைக் காட்டினார். நான் எழுந்து வணக்கம் சொன்னேன்.

பரிசோதகர் கண்ணாடியைப் போட்டு, விதிப்புத்தகத்தை விரித்தார். "எடை, வாகனத்தின் உரிமையாளருக்குச் சொந்தமானதாக இருக்க வேண்டும்."

"எங்களுக்குப் பதிவுத் திருமணம்," என்றார் கணவர்.

"வாகனத்தோடு உறுதியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும்."

"பெல்ட் இருக்கு. ஹெல்மெட்டும் இருக்கு."

"ஓட்டத்தின்போது இடம் மாறக் கூடாது."

"இருந்தால் எழும்பமாட்டா."

"கதைக்குமா?" என்று என்னைப் பார்த்தே கேட்டார்.

"கதைக்கக் கூடாதெண்டு விதியிருக்கோ?" என்று நான் ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். அப்படியொரு விதி இல்லை. உயிருள்ளது கூடாது என்றும் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அவர் நேர்மையான மனிதர். எழுதாததை அவர் விதியாக்க விரும்பவில்லை. மரக்கறிக் கடையிலிருந்து இரவல் வாங்கிய தராசில், மடியில் சோற்றுப் பார்சலோடு என்னை நிறுத்தார். எழுபத்திரண்டுக்குச் சரியாக முள் நின்றது. ஒரு சிறிய அட்டையில் கையெழுத்துப் போட்டு, நூலால் என் மணிக்கட்டில் கட்டிவிட்டார்.

"முடிவிலும் இதே எடை இருக்க வேண்டும், மேடம்," என்றார்.

பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய ஓட்டம் தொடங்கவில்லை. ஓடுபாதையில் மாடுகள் படுத்திருந்தன. அவற்றின் சொந்தக்காரரைத் தேடி ஆள் போனது. நான் பரிசோதகரிடம் போய், தணிந்த குரலில் ஒன்றைக் கேட்டேன். அவருடைய காது இரண்டும் சிவந்துவிட்டன.

"அதைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை," என்றார். "ஆனால் முடிவில் எழுபத்திரண்டு."

நான் போகவில்லை.

வெயில் ஏறியது. பசி வந்தது. பார்சலைப் பிரித்துச் சாப்பிடலாமா என்று கணவரைக் கேட்டேன். உள்ளே இருந்தாலென்ன மடியில் இருந்தாலென்ன, எடை எடைதான் என்றார். பௌதிகத்தின்படி அது சரி. கோழிக் குழம்பும் பருப்பும் கத்தரிக்காய்ப் பொரியலும். சாப்பிட்டு முடிக்கிற நேரம் மெலிந்த நாயொன்று வந்து என் முன்னால் உட்கார்ந்தது. எலும்புகளை அதற்குப் போட்டேன். யோசித்துச் செய்யவில்லை. நாயைக் கண்டால் எலும்பைப் போடுகிற கை அது.

மாடுகள் எழுந்துபோனதும் ஓட்டம் தொடங்கியது. ஒன்பது கார்கள். முதல் வளைவில் நான் கண்ணை மூடினேன். இரண்டாம் வளைவில் திறந்தேன். மூன்றாம் வளைவில், "இஞ்சாலை இடம் இருக்கு, விடாதேங்கோ," என்று கத்திக்கொண்டிருந்தேன். மெதுவாகப் பேசும் அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு கியரை மாற்றினார். ஜப்பான் எஞ்சின் பூப்போல ஓடியது. நேர்ப்பாதையில் எட்டுக் குதிரையும் எழும்பின, வளைவில் நான் அவற்றை இருத்தினேன். மஞ்சள் மினி ஒன்றை முந்தினோம். மூன்றாவதாக முடித்தோம். ஓட்டம் பார்க்க வந்திருந்த நானா வேலிக்கு அந்தப் பக்கம் தொப்பியைக் கழற்றி வீசினார்.

மஞ்சள் மினிக்காரர் ஒரு பல் வைத்தியர். அவர் நாலாவது. காரை விட்டு இறங்கியதும் நேராகப் பரிசோதகரிடம் போய், நான் நாய்க்கு எலும்பு போட்டதைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னார்.

தராசைக் கொண்டுவந்தார்கள். ஏறினேன். மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன், காற்றுக்கும் எடை உண்டென்று. முள் எழுபத்திரண்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

"வியர்வை," என்றார் கணவர்.

"எலும்பு," என்றார் பல் வைத்தியர்.

கணவர் போய், கொட்டகை நிழலில் படுத்திருந்த நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறு. நாய் அவருடைய முகத்தை நக்கியது.

"எலும்பு இதற்குள் இருக்கிறது," என்றார் பரிசோதகரிடம். "இதையும் சேர்த்து நிறுங்கள்."

பரிசோதகர் நாயைக் கவனமாகப் பார்த்தார். சிரிக்கவில்லை. "காலையில் இந்த நாயின் எடை என்ன?" என்று கேட்டார்.

ஒருவருக்கும் தெரியவில்லை.

"அதோடு, ஓட்டத்தின்போது நாய் காருக்குள் இருக்கவில்லை. மன்னிக்க வேண்டும்." என் மணிக்கட்டிலிருந்த நூலை ஒரு சிறிய கத்தரிக்கோலால் வெட்டினார். எங்கள் மூன்றாம் இடம் பல் வைத்தியருக்குப் போனது. நான் ஓடிப்போனது கழிப்பறைக்கு.

திரும்பி வரும் வழியில் மொறட்டுவை தாண்டியபோது, "எலும்பையும் சாப்பிட்டிருக்கலாம் நீர்," என்றார் கணவர்.

"நீங்கள் ஒரு குதிரையையாவது சாகடிச்சிருக்கலாம்," என்றேன்.

வீட்டுப் படியேறும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தார். வீட்டுக்காரர் கதவைத் திறந்து, ஏதும் துக்கமா என்று கேட்டார்.

சில மாதத்தில் கழகம் விதிகளைத் திருத்தியது. ஏற்றும் எடை உயிரற்றதாகவும் உண்ண முடியாததாகவும் இருக்க வேண்டுமாம். கணவர் அதை வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். பாலத்தைத் தாண்டி உயிரற்ற எதையும் கொண்டுபோக முடியாதே. நான் தாளை வாங்கி மிச்சத்தையும் வாசித்தேன். கீழே இன்னொரு புது வரி இருந்தது: ஓட்டுகிறவர் ஐம்பது கிலோவுக்கு மேல் இருந்தால், மேலிருக்கும் கிலோவெல்லாம் எடைக்கணக்கில் சேரும்.

"நீங்கள் எத்தினை கிலோ?"

"ஐம்பது. சப்பாத்தோடை."

"நான் எழுபத்தொண்டு. இருபத்தொரு கிலோ கூட. அப்ப என்னாலை இரண்டு குதிரை உயிரோடை இருக்கும். மற்ற ஆறையும் நானா காஸ்கெட் போட்டுப் பாத்துக்கொள்ளுவார்."

"உமக்குக் கார் ஓடத் தெரியாதே."

"பழக்குங்கோ."

அவர் எழுந்து ஜன்னலடியில் நின்று கடலைப் பார்த்தார். அந்தக் கவலை ஆறு குதிரைகளுக்காகவா, ஓட்டும் இடத்தை எனக்கு விடுவதற்காகவா என்று நான் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு கொட்டாஞ்சேனையில் பாடம் தொடங்கியது. கிளச்சைப் பற்றி அவர் மணிக்கணக்காக விளங்கப்படுத்தினார். "கால மெல்ல எடுங்கோ தங்கச்சி, அவ்வளவுதான்," என்றார் நானா. இரண்டு பேர் சொன்னதையும் கேட்காமல், கராஜ் வாசலின் தகரப் படலையோடு ஒரு தடவையும், பேப்பர்க் கடைத் தராசோடு ஒரு தடவையும் மோதி, நானாகவே பழகினேன்.

முதல் ஓட்டத்தில் கொடி விழுந்ததும் கார் நின்றுவிட்டது. மறுபடி கிளப்பி ஓடினேன். எல்லோரும் தூரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். யாரையும் பிடிக்க முடியாது என்று தெரிந்ததும் பயம் போய்விட்டது. கடல் காற்று அடித்தது, நான் பாட்டுக்கு ஓட்டினேன். பல் வைத்தியருடைய மினியின் விசிறிப் பட்டி அறுந்து, அவர் பாதையோரம் நின்றார். அவரைத் தாண்டும்போது ஹோன் அடித்தேன். ரேஸில் ஹோன் அடிப்பதற்கும் விதி இருக்கவில்லை. எட்டாவதாக முடித்தேன்.

எடை சரியாக இருந்தது. பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றி எனக்குக் கை கொடுத்தார். என் கணவர் வேலி நீளத்துக்கு ஓடி ஓடிக் களைத்துப்போய், இரண்டு முழங்காலிலும் கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"மூண்டாம் வளைவிலை இடம் இருந்தது," என்றார். "நான் கத்தினனான். நீர் கேக்கேல்லை."

"கேட்டது," என்றேன்.